முதுமையில் வலிமைப் பயிற்சியும் உயிர்ச்சத்து மாத்திரைகளும்

(சிங்கப்பெருமாள் கோவிலில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்கு இடப்பட்ட பொருள் தமிழ்ப் பண்டிதர் பேசுதற்கு உரியதன்று, வைத்தியர் பேசுதற்கே உரியது என்று உங்களிற் சிலர் கருதக்கூடும். அக்கருத்து முற்றும் தவறெனச் சொல்லோம். எனினும் இப்பொருளில் யாம் தலையிட நேர்ந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. சென்ற ஓராண்டாக நம் அங்கத்தினர் பலர் மாலைப் பொழுதில் எமது இல்லத்திற்கு டப்பாக்களையும் சீசாக்களையும் கொணர்ந்து, "ஐயா, இதன் மேல் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் என்ன போட்டிருக்கிறான்? படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டு வருகின்றனர். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு எல்லா எழுத்தும் தெரியும் என்பது ஊரார் நம்பிக்கை. படிக்கப் படிக்க எமக்கே ஐயங்கள் பல எழுந்தன. அவை தீரும்பொருட்டு நூல்களையும் வைத்தியர்களையும் நாடினோம். அவ்வாறு அறிந்தவற்றையே ஈண்டுக் கூறுகின்றோம்.

டப்பா கொண்டு வருவோர் வாலிபர் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலோர் நாற்பத்தைந்துக்கு மேல் அறுபத்தைந்துக்குள் உள்ளவர்கள். நம் ஊரின் நிலையை நோக்கினால் இதன் காரணம் விளங்கும். குன்றைக் குடைந்தமைத்த பாடலாத்திரி நரசிங்கப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற இவ்வூர், முன்னாளில் ஏரியும் வயலும் சூழ்ந்ததொரு சிற்றூர். இன்றோ இங்கிருந்து ஒரகடத்தின் வழியே ஸ்ரீபெரும்புதூர்க்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் தொழிற்சாலைகள் நிரம்பியுள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ஆம் ஆண்டில் மோட்டார் வண்டிகளைச் செய்யத் தொடங்கிற்று. ஒரகடத்தில் ரெனோ, நிஸான் கூட்டு ஆலை 2010-ஆம் ஆண்டில் எழுந்தது. முதலாவது ஆலை திறந்த நாளில் இருபத்தைந்து அகவையிற் சேர்ந்தவர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டார். பாட்டன் ஏர் பிடித்து இறைப்பு இறைத்த உடம்பு. தந்தை நெல் மூட்டை சுமந்த உடம்பு. இவருடையதோ ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் நின்று ஒரே அசைவை ஆயிரமுறை செய்த உடம்பு. தோளும் இடுப்பும் தளர்வதை இவர் உணர்கின்றார். உணர்ந்து, மாலையில் பயிற்சிக்கூடத்திற் சேர்கின்றார். சேர்ந்த மறுவாரமே யாரோ ஒருவர் ஒரு டப்பாவைக் காட்டுகின்றார்.

பயிற்சியில் இறங்கியமைக்காக இவரை யாம் மனமாரப் பாராட்டுகின்றோம். நம் முன்னோர்க்கு இது புதிதன்று. இளவட்டக்கல் கிடந்த ஊர்கள் எத்தனை! கர்லாக்கட்டை சுழற்றியும் தண்டாலும் பஸ்கியும் எடுத்தும் வளர்ந்த பெரியவர்கள் இக்கூட்டத்திலேயே இருக்கின்றனர். ஆனால் "அதெல்லாம் வாலிபத்தோடு சரி, அறுபதில் பளு தூக்கினால் எலும்பு முறியும்" என்பது நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம். அவ்வெண்ணம் பிழையென ஆராய்ச்சி காட்டிவிட்டது. 1990-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பியாட்டரோன் என்னும் வைத்திய அம்மையாரும் அவர்தம் கூட்டத்தாரும், முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு அகவையை ஒட்டிய பத்துப் பேரைத் தெரிந்தெடுத்து, எட்டு வாரம் காலால் பளு தூக்கும் பயிற்சி அளித்தனர். அவர்தம் கால் வலிமை சராசரி நூற்றுக்கு 174 பங்கு மிகுந்தது. ஊன்றுகோலின்றி நடக்கவியலாதிருந்தோர் இருவர் கோலைக் கைவிட்டனர்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 2024-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த கிட்டம்மாள் என்னும் 82 அகவை மூதாட்டியார், கோவையில் நடந்த பளு தூக்கும் போட்டியில் 50 கிலோ எடையைத் தரையினின்று தூக்கி நிமிர்ந்ததை நாளிதழ்களிற் படித்திருப்பீர்கள். அகில உலகப் பவர்லிப்டிங் சம்மேளனமும் நாற்பது அகவை தொடங்கி எழுபதுக்கு மேற்பட்டோர் ஈறாக, பத்தாண்டுக்கு ஒரு பிரிவாக, மூத்தோர்க்கெனத் தனிப் போட்டிகள் வைத்திருக்கின்றது. ஆதலின் முதுமையில் வலிமை கூடுமோ என்னும் வினா முடிந்த வினா. எஞ்சியது, அதற்கு மாத்திரை வேண்டுமோ என்பதே.

இவ்வினாவிற்கு நேரே விடை தேடிய ஆராய்ச்சி ஒன்று உளது. மேற்சொன்ன அம்மையாரே நான்கு ஆண்டு கழித்து, 1994-இல், நூறு முதியோரைக் கொண்டு அதனைச் செய்தார். சராசரி அகவை 87. அவர்களை நான்கு பகுதியாகப் பிரித்தனர். ஒரு பகுதியார்க்குப் பளுப் பயிற்சி. ஒரு பகுதியார்க்கு உயிர்ச்சத்தும் தாதுச்சத்தும் கலந்த ஊட்ட பானம். ஒரு பகுதியார்க்கு இரண்டும். ஒரு பகுதியார்க்கு இரண்டும் இல்லை. பத்து வாரம் கழித்து அளந்து பார்த்தபொழுது, பயிற்சி செய்தோரின் கால்தசை வலிமை இரட்டிக்கும் மேலாயிற்று. பயிற்சியில்லாதோர்க்கு ஏறத்தாழ ஒன்றும் மாறவில்லை. ஊட்ட பானமோ வலிமையை உயர்த்தவில்லை. டப்பா வாங்கி வந்து பயிற்சிக்கூடத்திற்கு வாரத்தில் ஒருநாள் எட்டிப் பார்க்கும் நம் அன்பர்கள் இதனைக் கருத வேண்டும்.

அவ்வாறாயின் உயிர்ச்சத்துக்களால் பயனே இல்லையோ எனின், அன்று. உடம்பிற் குறைவுள்ளவனுக்கு அவை உயிரே கொடுக்கும். குறைவில்லாதவனுக்கு மேலும் கொடுத்தால் வலிமை கூடுவதில்லை. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள அவற்றின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம்.

வைட்டமின் என்னும் சொல் 1912-ஆம் ஆண்டில் பிறந்தது. போலந்து நாட்டினரான காசிமிர் பங்க் என்பார், உயிர்க்கு இன்றியமையாத அமீன் என்னும் ரசாயனப் பொருள் உணவில் உளதெனக் கருதி அப்பெயரை இட்டார். பின்னர் அவற்றுட் பல அமீன்கள் அல்ல எனத் தெரிந்தது. தெரிந்தும் பெயர் மாறவில்லை, கடையெழுத்து ஒன்று மட்டும் உதிர்ந்தது. இடுகுறியாய் நின்றுவிட்ட பெயர்களுள் இதுவும் ஒன்று. தமிழில் உயிர்ச்சத்து என்று சொல்லுகின்றோம். எமக்கு இச்சொல் மூலச்சொல்லினும் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

இவ்வாராய்ச்சியில் நம் தமிழகத்திற்கும் பங்குண்டு. நீலகிரியின் குன்னூரில் மக்காரிசன் என்னும் வைத்தியர் பல்லாண்டு தங்கி, இந்திய நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்கு அவ்வவ்வாறே கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி என்று சீக்கியர் உண்ணும் உணவை உண்ட எலிகள் கொழுத்து நோயின்றி வாழ்ந்தன. சென்னை மாகாணத்து உணவை உண்ட எலிகளே எல்லாவற்றிலும் எடை குறைந்து நின்றன. நமக்கு நாணம் தரும் முடிவுதான், மறைப்பதிற் பயனில்லை. தவிடு நீக்கித் தீட்டிய அரிசி மிகுதி, பாலும் கீரையும் பருப்பும் குறைவு என்பதே காரணம். அவர் நடத்திய ஆராய்ச்சிச் சாலை 1958-இல் ஐதராபாத்திற்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என விளங்குகின்றது. நாள்தோறும் எச்சத்து எவ்வளவு வேண்டும் என்று இந்நாட்டு மக்களுக்கு அளவு வகுத்துக் கொடுப்பது அந்நிறுவனமே.

ஆலைத் தொழிலாளர் குடும்பத்தார்க்கு உரிய செய்தி ஒன்றும் சொல்ல வேண்டும். 1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் அம்மையார் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்கள் ரத்தம் வெளுத்து மடிவதைக் கண்டு காரணம் தேடினார். ஈஸ்ட் என்னும் நொதியின் சாற்றை ஊட்ட அவர்கள் தேறினர். அச்சாற்றில் இருந்த பொருள் பின்னர் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. அதனை 1945-இல் ரசாயன முறையில் ஆக்கிய கூட்டத்தாரை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். குறைந்தவர்க்குக் கொடுத்த சத்து எத்தகைய அற்புதம் செய்யும் என்பதற்கு அம்மில் பெண்களே சாட்சி.

இனி நம்மவர்க்கு, அதிலும் ஐம்பது கடந்து பளு தூக்குவோர்க்கு, உண்மையிற் குறையக்கூடியவை எவை எனப் பார்ப்போம்.

முதலாவது டி உயிர்ச்சத்து. வெயில் தோலிற் படுவதால் உடம்பே இதனை ஆக்கிக்கொள்ளும். தமிழ்நாட்டில் வெயிலுக்கா பஞ்சம் என்று நீங்கள் நகைக்கலாம். ஆனால் இரவு ஷிப்டு முடித்து விடியற்காலையிற் கம்பெனிப் பேருந்தில் வந்து, சன்னலை அடைத்துக்கொண்டு பகலெல்லாம் உறங்கி, அந்தியில் மீண்டும் பேருந்தேறும் ஒருவன் வெயிலை எங்கே காண்பான்? பகல் ஷிப்டினனும் கூரையின் கீழேயே நிற்கின்றான். காலை இளவெயிலும் மாலை வெயிலும் இதற்குப் போதா. நண்பகலை ஒட்டிய வெயிலே பயன் தரும். முதுமையில் தோலின் ஆக்கும் ஆற்றலும் குன்றிவிடும். இச்சத்து மிகக் குறைந்தால் எலும்பு நோவும், தொடையும் இடுப்பும் தளரும், தரையிலிருந்து எழக் கை ஊன்ற வேண்டிவரும். அத்தகையோர்க்கு ரத்தம் சோதித்து, வைத்தியர் சொல்லும் அளவு மருந்து கொடுத்தல் இன்றியமையாதது. ஆனால் குறைவு உண்டா இல்லையா எனப் பாராமல் எல்லோர்க்கும் கொடுத்தால்? அமெரிக்காவில் 25,871 பேர்க்கு ஐந்தாண்டு அளவு நாள்தோறும் 2,000 அலகு டி சத்தோ வெறும் மாத்திரையோ கொடுத்துப் பார்த்தனர். எலும்பு முறிவு இரு சாராரிடத்தும் ஒத்தே இருந்ததென 2022-இல் முடிவு வெளியாயிற்று.

இங்கே நம் அங்கத்தினர் குடும்பத்தில் நேர்ந்ததொன்றைச் சொல்லாமல் விடுதல் ஆகாது. அவர் இசைவு பெற்றே சொல்லுகின்றோம், பெயர் வேண்டா. ஆலையினின்று ஓய்வு பெற்றவர்; நாள்தோறும் பயிற்சிக்கூடம் செல்பவர்; ஒழுக்கமுடையவர். முழங்கால் நோவுக்கு வைத்தியர் 60,000 அலகு டி சத்துப் பொட்டலம் வாரத்திற்கு ஒன்றாக எட்டு வாரம் உண்ணச் சொன்னார். சீட்டில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை மருந்துக் கடைப் பையன் படித்துச் சொன்ன விதமோ, இவர் கேட்ட விதமோ, நாளொன்றுக்கு ஒன்றாகப் பாலிற் கலந்து உண்ணலானார். உரம் ஏறுகிறது என்னும் மகிழ்ச்சியில், எட்டு வாரம் முடிந்தும் நிறுத்தவில்லை. இதனோடு பயிற்சிக்கூடத்தார் கொடுத்த சுண்ணாம்புச் சத்து மாத்திரை இரண்டு வேளை. மூன்றாம் மாதத்தில் ஓயாத தாகம், மலச்சிக்கல், வாந்தி. பின்னர்ப் பேச்சுத் தடுமாறி மகளையே அடையாளம் தெரியாத நிலை. வீட்டார் பக்கவாதம் என்று அஞ்சி ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றனர். சோதித்தபொழுது ரத்தத்திற் சுண்ணாம்புச் சத்து அளவு கடந்திருந்தது, சிறுநீரகம் தளர்ந்திருந்தது. பல நாள் ஊசி வழியே நீர் ஏற்றி மீட்டனர். இன்று நலமாயிருக்கின்றார், சிறுநீரகம் மட்டும் பழைய நிலைக்கு முற்றும் திரும்பவில்லை.

நாளொன்றுக்கு 4,000 அலகு என்பது பெரியோர்க்குப் பொதுவாக வகுத்த மேல்வரம்பு. அவர் உண்டதோ அதனைப்போல் பதினைந்து மடங்கு. சி, பி முதலிய சத்துக்கள் நீரிற் கரைவன. மிகுந்தவை பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். ஏ, டி, ஈ, கே என்னும் நான்கும் கொழுப்பிற் கரைந்து உடம்பிற் சேர்ந்து கிடப்பன. உயிர்ச்சத்து என்னும் பெயர் நன்றாயிருப்பதாலேயே அது தீங்கு செய்யாதென்று எண்ணுவோர் இவ்வேறுபாட்டை வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம்.

அடுத்தது பி-12. இது கீரையிலும் தானியத்திலும் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றில் உண்டு. உண்டாலும் அதனைப் பிரித்து ஏற்பதற்கு இரைப்பையின் அமிலமும் அங்கே சுரக்கும் தனிப் பொருளொன்றும் வேண்டும். முதுமையில் அமிலம் குறைகின்றது. நீரிழிவிற்கு மெட்பார்மின் மாத்திரை நெடுநாள் உண்போர்க்கும், நெஞ்செரிச்சலுக்கு அமிலத்தை அடக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உண்போர்க்கும் இது மேலும் குறையும். இக்கூட்டத்தில் அவ்விரண்டில் ஒன்றையேனும் உண்ணாத ஐம்பது வயதினர் எத்தனை பேர் இருப்பர் என்று எமக்கு ஐயமே. பாதம் மரத்தல், நிலை தடுமாறல், மறதி ஆகியவை இக்குறையின் அறிகுறிகள். பளுவைத் தோளில் ஏற்றி நிற்பவனுக்குப் பாதத்தில் உணர்ச்சி இல்லையேல் விளைவு என்னவாகும்! இன்னொன்று: பி-12 குறைந்தவர் போலிக் அமிலத்தை மட்டும் மிகுதியாக உண்டால் ரத்தம் தேறினாற்போலத் தோன்றும், நரம்போ உள்ளே கெட்டுக்கொண்டே போகும். ஆகவே இது சோதித்துக் கொடுக்க வேண்டியது. குறையிருந்தால் கட்டாயம் கொடுக்க வேண்டியது. டப்பாக்களிற் பணம் போக்குவோர் அப்பணத்தில் ஒரு சிறு பகுதியை இச்சோதனைக்குச் செலவிடலாம் என்பது எம் கருத்து.

இரும்பு வேறு வகை. வலிமை என்றவுடன் இரும்பை நினைப்பது இயல்பே. ஆனால் அறுபது வயது ஆணுக்கு இரும்புச் சத்துக் குறைந்தால், வைத்தியர் முதலிற் கேட்கும் வினா "ரத்தம் எங்கே போகின்றது?" என்பதே. குடலிற் புண்ணோ, அதனினும் கொடியதோ மறைந்து கசியக்கூடும். தாமே இரும்பு டானிக் வாங்கி உண்டு முகம் தெளிந்தவர், உள்ளே இருக்கும் நோயைத் தாமே மூடி வைத்தவர் ஆவர். குறையாதவர் உண்டால் மிகுந்த இரும்பை வெளியேற்ற உடம்பிற்கு வழியில்லை; ஈரலிற் படியும். உணவினின்று வரும் இரும்பு நன்கு சேர வேண்டுமாயின் சோற்றோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்க்கலாம். உண்ட கையோடு தேநீர் குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கலாம். தைராய்டு மாத்திரை உண்போர் சுண்ணாம்புச் சத்தையும் இரும்பையும் அதனோடு சேர்த்து விழுங்கலாகாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

சி, ஈ என்னும் இரண்டைப் பற்றிய செய்தி எமக்கே வியப்பளித்தது. பயிற்சியால் தசையிற் பிறக்கும் அழிவுப் பொருள்களை இவை தணிக்கும். ஆதலால் மிகுதியாக உண்டால் தசை வளரும் என்று டப்பாக்காரர் கூறுவர். நார்வே நாட்டில் 60 முதல் 81 அகவை வரையுள்ள ஆடவர் 34 பேரைப் பன்னிரண்டு வாரம் பளுப் பயிற்சியில் ஈடுபடுத்தி, ஒரு சாரார்க்கு நாள்தோறும் சி சத்து 1,000 மில்லிகிராமும் ஈ சத்து 235 மில்லிகிராமும், மறு சாரார்க்கு வெறும் மாத்திரையும் கொடுத்தனர். 2016-இல் வெளியான முடிவு இது: வெறும் மாத்திரை உண்டவர்க்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை நூற்றுக்கு 3.9 மிகுந்தது, சத்து உண்டவர்க்கு 1.4 மட்டுமே. வலிமை இருசாரார்க்கும் ஒப்ப உயர்ந்தது. அவ்வழிவுப் பொருள்களே "வளர்க" என்று தசைக்குச் செய்தி சொல்லும் தூதுவர் போலும். தூதரை வாயிலிலேயே தடுத்துவிட்டால் செய்தி எவ்வாறு சேரும்? அன்றியும், 35,000-க்கு மேற்பட்ட ஆடவரிடத்து அமெரிக்காவிலும் அண்டை நாடுகளிலும் நடந்த ஆராய்ச்சியில், ஈ சத்தை மிகுதியாக உண்டவரிடையே புரோஸ்டேட் புற்றுநோய் நூற்றுக்கு 17 பங்கு கூடியதென 2011-இல் அறிவித்தனர். பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆடவர்க்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்ததில் நுரையீரற் புற்று குறையும் என எதிர்பார்த்தனர். மிகுந்ததென 1994-இல் தெரிந்தது. பீடி குடித்துக்கொண்டே கண்ணுக்கும் உரத்திற்கும் என்று அம்மாத்திரை விழுங்குவோர் நம்மிடையே உளர். இவையெல்லாம் மாத்திரை பற்றிய பேச்சே. காரட்டும் நெல்லிக்கனியும் தின்பார்க்கு அச்சம் வேண்டா.

டப்பாவினுள் எழுதாத பொருளும் இருத்தல் கூடும். 2000, 2001-ஆம் ஆண்டுகளில் பதின்மூன்று நாடுகளிற் கடையில் விற்ற 634 டப்பாக்களை ஜெர்மனியிற் சோதித்தனர். 94-இல், உறையில் எழுதாத, ஆண்மைச் சுரப்பை ஒத்த மருந்துகள் கலந்திருந்தன. போட்டிகளிற் கலந்துகொள்ளும் மூத்தோர்க்கு இது இருமடங்கு இடர். அறியாமல் உண்டேன் என்னும் சொல் பெரும்பாலும் விடுதலை தராது. போட்டிக்குச் செல்லாதவர்க்கும் ரத்த அழுத்தமும் இதயமும் உண்டல்லவா! உறையைப் படிக்குங்கால், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண் உளதா, ஒரு வேளைக்கு எவ்வளவு சத்து என்று தொகை எழுதியுளதா எனப் பாருங்கள். ஆங்கிலத்தில் "மருந்தாகப் பயன்படுத்தற்கு அன்று" என்று எழுதியிருத்தல் வேண்டும் என்பது சட்டம். நோயைத் தீர்க்கும் என்று விற்பவன் கூறினால், அவன் தன் டப்பாவின் மேல் எழுதியதையே மறுக்கின்றான். பல சத்து ஒருங்கே கலந்தது என்று பெருமை பேசி, எது எவ்வளவு என்று சொல்லாத டப்பாவை யாம் படித்தவுடன் திருப்பிக் கொடுத்துவிடுவது வழக்கம்.

பின் என்னதான் உண்பது என்று கேட்பீர்கள். பளு தூக்கும் முதியவர்க்கு முதற் குறை பெரும்பாலும் உயிர்ச்சத்தன்று, புரதமே. உடல் எடை கிலோவொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை முதியோர்க்கு வேண்டுமென அறிஞர் கூறுவர். கடும் பயிற்சி செய்வோர்க்கு அதனினும் சிறிது மிகுதி. சிறுநீரக நோயுள்ளவர் வைத்தியரைக் கேட்டே கூட்டுதல் வேண்டும். அறுபது கிலோ எடையுள்ளவர்க்கு எழுபது கிராம் அளவு என வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வேளையும் சோற்று மலையும் ரசமுமாக உண்டால் இது கிட்டாது. முட்டை ஒன்றில் 6 கிராம். பருப்பு நூறு கிராமில் 22 கிராம் அளவு. சுண்டலும் தயிரும் மீனும் வேர்க்கடலையும் எஞ்சியதை நிரப்பும். சுண்ணாம்புச் சத்து நாளைக்கு 1,000 மில்லிகிராம் அளவு வேண்டும். கேழ்வரகு நூறு கிராமில் 340-க்குக் குறையாமல் உண்டு, எள்ளில் ஆயிரத்துக்கு மேல், முருங்கைக்கீரையிலும் மிகுதி. நம் வீட்டுக் கொல்லையில் முருங்கை பட்டுப்போக, கடையிற் பச்சை நிறப் பொடியாக அதே முருங்கையைப் பன்மடங்கு விலைக்கு வாங்கும் விந்தையை என்னென்பது!

மனோகர் ஐச் என்னும் வங்காளத்து வீரரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1912-இல் பிறந்தவர், ஐந்தடிக்கும் குறைந்த உயரம், 1952-இல் லண்டனில் உலக அழகுடற் போட்டியில் தம் உயரப் பிரிவிற் பட்டம் வென்றவர். தொண்ணூறை நெருங்கும் அகவையிலும் மேடையேறித் தம் தசைகளைக் காட்டினார். 2016-இல் நூற்றுநான்காம் அகவையில் மறைந்தார். அவர் உண்டது சோறு, மீன், பருப்பு, காய்கறி, பழம், பால். தம் வலிமைக்குக் காரணமென அவர் விரும்பிச் சொன்னது நீர் ஊற்றிய பழஞ்சோறு. பழஞ்சோற்றிலேயே எல்லாம் அடங்கியது என்று யாம் சாதிக்க வரவில்லை. எண்பதாண்டுக்கும் மேலாகப் பயிற்சியை விடாதிருந்ததும் அவர்தம் காரணங்களுள் ஒன்றல்லவா? ஆயினும் டப்பா இல்லாமல் அவ்வுடம்பு உருவாயிற்று என்பது மெய்.

பண்டிதர் பேச்சில் வள்ளுவர் வராமல் முடியாது என்று இளைஞர் சிலர் புன்னகை செய்கின்றனர். ஒரு கணக்கு மட்டும் சொல்லி விடுகின்றோம். மருந்து என்னும் அதிகாரத்துப் பத்துக் குறளில், நோயை நாடுவதும் மருத்துவனும் மூன்று குறளுக்குள் அடங்கிவிட, ஆறு குறள் உணவின் அளவையும் பசியின் அளவையும் பற்றியனவே. எஞ்சிய ஒன்று, கூடுதலும் குறைதலும் இரண்டுமே துன்பம் என்பது. குறைந்தவர்க்கு அம்மில் பெண்களின் கதை. கூடியவர்க்கு நம் அங்கத்தினர் கதை.

சொற்பொழிவிற்கு முன்னரே மாதர் பகுதியினின்று ஒரு சீட்டு வந்தது. அதற்கு விடை கூறி அமர்கின்றோம். "ஆடவர் பளு தூக்குவதைப் பற்றியே பேசுகின்றீர்கள், மாதவிலக்கு நின்ற எங்களுக்கு என்ன?" என்பது வினா. பளுப் பயிற்சி ஆடவரினும் உங்களுக்கே மிகவும் வேண்டும். விலக்கு நின்ற சில ஆண்டுகளில் எலும்பு விரைந்து மெலியும், தசையை இழுத்து வேலை வாங்கினாலன்றி எலும்பிற்கு உரமில்லை. கூடத்திற்குச் செல்ல நாணுவோர் தண்ணீர்க் குடத்தைக் கொண்டே, பயிற்றுநர் ஒருவரைக் கேட்டுத் தொடங்கலாம். சுண்ணாம்புச் சத்து 1,200 மில்லிகிராம் அளவு தேவை. உணவினின்று எவ்வளவு வருகின்றதோ அதனைக் கழித்து எஞ்சியதற்கே மாத்திரை. இரும்போ, விலக்கு நின்றபின் முன்போல் வேண்டுவதில்லை; மகப்பேற்றுக் காலத்தில் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பழக்கத்தால் இன்றும் உண்டு வருவோர், அடுத்த முறை ரத்தம் சோதிக்கும்பொழுது அச்சீசாவையும் கையில் எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள். ஆங்கில எழுத்தைப் படிக்க வேண்டுமாயின் மாலை ஆறு மணிக்குமேல் யாம் வீட்டில்தான் இருப்போம்.